செட்டிநாட்டு வெயிலில் குளிர்ச்சியான வீடு: மின்சாரம், இயற்கை வளம், உடல்சுகம் மூன்றையும் ஒருசேரக் காக்கும் கட்டுமான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கங்களில் வீடு கட்டித் தரும் வேலையில் இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறந்ததும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வருகின்றன. புது வீட்டில் குடியேறி முதல் கோடையைச் சந்தித்தவர்கள் அழைக்கிறார்கள். "பகலைக்கூடச் சமாளித்துவிடலாம், ராத்திரி பத்து மணிக்குத்தான் அறைக்குள் படுக்க முடியவில்லை" என்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு இரவு ஒன்பதரை மணிக்குப் போய், ஏணி போட்டு ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் ஆகியும் இஸ்திரி போட்டு வைத்த துணியைப் போல அது சுட்டது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே அவர்கள் இரண்டு ஏசி வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூங்காமல் யாரால் இருக்க முடியும்?

மின் சிக்கனம், இயற்கை வளத்தைப் பேணுதல், குடியிருப்பவரின் சுகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். சுகத்தைக் குறைத்துச் செய்யும் சிக்கனம் இரண்டாம் கோடையைத் தாண்டாது என்பதே நான் கண்டது. வெக்கை தாங்காதவர் கருவி வாங்கியே தீருவார். ஆகவே உடல்சுகத்தை முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதைக் கருவி இல்லாமல் எவ்வளவு தூரம் பெறமுடியும் என்று பார்ப்பதே சரியான தொடக்கம். திசை, நிழல், கூரை, சுவர், காற்று, கடைசியில் கருவி என்ற வரிசையில் பணத்தைச் செலவிட்டால் மூன்றும் சேர்ந்தே கிடைக்கும். வரிசை தலைகீழானால் மூன்றுமே கைவிட்டுப் போகும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

முதல் படி: மனையையும் வானத்தையும் படித்தல்

வரைபடம் போடுவதற்கு முன் மனையில் ஒரு முழுநாள் இருந்து பாருங்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், 12.15 மணி வாக்கில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். டிசம்பர் 21 அன்று சுமார் 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்குச் சுவருக்கு வெயிலே வராது என்ற பேச்சு வட இந்தியாவுக்குப் பொருந்தலாம். நம் ஊரில் சித்திரை முதல் ஆடி வரை வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

காற்றையும் கவனியுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வறண்டு, புழுதியோடு வீசும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து வரும். பக்கத்து வீட்டு மாடியும் எதிர்த்தெருத் தோப்பும் இதை மாற்றிவிடும் என்பதால், ஒரு கழியில் துணி நாடாவைக் கட்டி மனையின் நடுவில் ஊன்றி, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அது பறக்கும் திசையைக் குறித்துக்கொள்வது நல்லது. மனையில் ஏற்கெனவே நிற்கும் வேம்பையோ புளியையோ வெட்டச் சொல்லும் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேற்கே நிற்கும் ஒரு வேம்பு செய்யும் வேலையை நீங்கள் பணம் கொடுத்து வாங்க முடியாது.

இரண்டாம் படி: வீட்டின் கிடை

பழைய நகரத்தார் வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். தலைவாசலில் நின்றால் வளவு (வீட்டின் நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்க்கலாம். காலையும் மாலையும் தாழ்ந்து வரும் கடும் வெயில் குறுகிய முகங்களில் மட்டுமே படுகிறது. அந்த முகங்களுக்கும் திண்ணையும் பத்தியும் (தூண்கள் தாங்கும் நடைகூடம்) குடை பிடிக்கின்றன. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்ப்பதால், அங்கே உயரத்தில் வரும் வெயிலைச் சிறிய தாழ்வாரமே தடுத்துவிடும்.

இன்றைய 30 அடிக்கு 60 அடி மனையிலும் இதே கணக்கு நடக்கும். மேற்கு ஓரத்தில் படுக்கையறையை வைக்காமல் மாடிப்படி, கழிவறை, சாமான் அறை ஆகியவற்றை அடுக்கினால், மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். படுக்கையறைகளை வடகிழக்கிலோ தென்கிழக்கிலோ வைக்கலாம். தலைவாசல் திசை பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு ஓர் எண்ணம் இருக்கும். அதை மதித்தே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட முடியும் என்பதால் அங்கே சண்டை வேண்டியதில்லை. மனையே வடக்கு தெற்காக நீண்டிருந்தால், மேற்குப் பக்கம் முழுவதும் நான்கடித் தாழ்வாரம் ஒன்றை இழுப்பதற்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட வேண்டும்.

மூன்றாம் படி: வளவைத் திறந்தே வைத்தல்

திறந்த வளவு ஒரு காற்றுப் பொறி. இரவில் வளவின் தரையும் சுற்றியுள்ள ஓடுகளும் தம் சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனம் கூடித் தரையில் தேங்குகிறது, பத்திகளுக்கும் அறைகளுக்கும் பரவுகிறது. பகலில் அறைகளின் சூடான காற்று இலேசாகி வளவின் வழியே மேலேறி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நிழலான பக்கத்திலிருந்து புதுக்காற்று நுழைகிறது. இதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்றுண்டு: மேலே வானம் தெரிய வேண்டும்.

இதை நானே மீறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் மழைச்சாரலும் குரங்குத் தொல்லையும் வேண்டாம் என்று வீட்டார் கேட்டதற்காக, வளவின் மேல் நிறமற்ற பாலிகார்பனேட் தகட்டால் முழுவதுமாக மூடிக் கொடுத்தேன். வெளிச்சம் அழகாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். பங்குனி மாதம் மதியம் அந்த வளவில் போய் நின்றபோது மூச்சு முட்டியது. ஒளி உள்ளே வந்து தரையில் சூடாக மாறி, வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தகட்டைச் சுற்றிலும் இரண்டடி உயரத்துக்குத் தூக்கி, நான்கு பக்கமும் திறந்துவிட்ட பிறகுதான் நிலைமை பாதியாவது சரியானது. இரவில் வானத்துக்குச் சூட்டை விடும் வேலையை அந்தத் தகடு இன்றும் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே வளவுக்கு இரும்புக் கிராதியும் அதன்மேல் கொசுவலையும் போதும். திறப்பின் அகலம் சுற்றுச்சுவரின் உயரத்தைவிடக் கூடாமல் பார்த்துக்கொண்டால், நண்பகல் ஒட்டிய நேரம் தவிர மற்ற வேளைகளில் தரையில் நிழல் இருக்கும். எட்டடிக்கு எட்டடி திறப்புகூடச் சிறிய வீட்டுக்குப் பயன் தரும். வளவுத் தரையை ஓரத்தைவிட நான்கைந்து அங்குலம் தாழ்த்தி, ஒரு மூலைக்குச் சாய்வு கொடுத்து, மழைநீர் வெளியேறும் குழாயைப் பெரிதாக வைக்க வேண்டும். ஐப்பசி அடைமழை ஒரு மணி நேரத்தில் கொட்டும் நீரைச் சிறிய குழாய் தாங்காது.

நான்காம் படி: கூரை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கூரையைச் செய்யுங்கள். உச்சி வெயில் விழும் நம் ஊரில் எந்தச் சுவரையும்விடக் கூரைதான் ஆண்டு முழுவதும் அதிக வெயிலை வாங்குகிறது.

வெப்பம் ஒரு பரப்பின் வழியே எவ்வளவு எளிதாக ஊடுருவுகிறது என்பதைக் காட்ட யு-மதிப்பு என்ற அளவு உண்டு. எண் குறையக் குறைய நல்லது. எரிசக்திச் செயல்திறன் பணியகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு). வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் மதிப்பு 3-க்கு மேல். அதாவது அனுமதித்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலான வெப்பத்தை அது உள்ளே விடுகிறது.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நான்கு அங்குலத் தளம் போட்டு, மேலே தட்டோடு (தட்டையான மண் ஓடு) பதிக்கும் நம் பழைய வழக்கம் நல்லதுதான். ஒழுக்கைத் தடுக்கும், கான்கிரீட்டின் ஆயுளைக் கூட்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதைச் சேர்த்தும் மதிப்பு 2-க்கு அருகில்தான் நிற்கிறது. ஆகவே கான்கிரீட்டின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை தடிப்புள்ள எக்ஸ்பிஎஸ் என்ற நுரை வெப்பத்தடுப்புப் பலகை, அதன்மேல் சாய்வுக் கலவை, கடைசியில் தட்டோடு அல்லது வெள்ளை ஓடு என்ற அடுக்கைப் பரிந்துரைக்கிறேன். ஓர் அங்குலப் பலகை மட்டுமே மதிப்பை 1-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். இந்தப் பலகை பெட்ரோலியத்திலிருந்து வருவதாயிற்றே, இயற்கைக்கு நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஓர் அங்குலப் பலகை பல பத்தாண்டுகள் தடுக்கும் வெப்பத்தை எண்ணிப் பார்த்தால், இந்த ஓர் இடத்தில் அதை ஏற்றுக்கொள்வேன். பலகையைத் தளத்தின் மேற்புறத்தில்தான் பதிக்க வேண்டும். உட்புறம் ஒட்டினால் கான்கிரீட் முழுவதும் வெயிலில் வெந்து விரிந்து சுருங்கி வெடிப்பு காணும்.

மேற்பரப்பின் நிறமும் அதே அளவுக்கு முக்கியம். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும், கறுத்த பரப்பு விழுங்கும். பணம் குறைவாக இருப்பவர்கள் ஒவ்வொரு மாசியிலும் மொட்டை மாடிக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தால்கூடப் பலன் உடனே தெரியும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

கான்கிரீட்டே இல்லாத கூரையை விரும்புபவர்களுக்கு நாட்டு ஓடு இருக்கிறது. பழைய வீடுகளில் அதைப் பல அடுக்காக வேய்ந்திருப்பார்கள். அடுக்குகளுக்கு இடையில் தங்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. இடைவழியாகக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய நிரப்பித் தளத்தைச் சொல்வேன். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே கம்பிகளுக்கு இடையில் பழைய சீமை ஓடுகளை இரட்டையாகக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போட்டால், சிமெண்டும் கனமும் குறையும், ஓட்டுக்குள் அடைபட்ட காற்றும் உதவும். கம்பி இடைவெளியைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைந்து கொடுக்க வேண்டும். கொத்தனாரின் உத்தேசத்துக்கு விடக் கூடாது.

ஐந்தாம் படி: சுவர்

தடித்த சுவர் குளிர்ச்சி தரும் என்பது பாதி உண்மை. கனமான சுவர் பகல் வெப்பத்தை வாங்கிச் சில மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. பகலில் புழங்கும் கூடத்துக்கு இந்தத் தாமதம் வரம். மதியம் குளிர்ச்சியாக இருக்கும். இரவில் படுக்கும் அறையின் மேற்குச் சுவருக்கு அதே தாமதம் தொல்லையாகிறது. மாலை வெயிலை வாங்கிய சுவர் நாம் படுக்கும் நேரத்தில்தான் சூட்டைக் கக்கும். பழைய வீடுகளில் இது தெரியாததற்குக் காரணம், தடித்த சுவர் எதுவும் நேரடி வெயிலில் நிற்காமல் பத்திக்கோ திண்ணைக்கோ பின்னால் ஒளிந்திருந்ததுதான். தடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிழலை விட்டுவிட்டால் அடுப்புதான் கிடைக்கும்.

ஆகவே ஒரே பொருளில் வீடு முழுவதும் எழுப்ப வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். நிழலில் இருக்கும் உட்சுவர்களுக்கும் வடக்கு, தெற்குச் சுவர்களுக்கும் பக்கத்துச் சூளைச் செங்கல், செம்புறாங்கல், அல்லது சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் சுடாத மண்கல் ஆகியவற்றில் எது அருகில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். நம் பக்கத்துச் செம்மண் மண்கல்லுக்கு ஏற்றதுதான், என்றாலும் களிமண்ணும் மணலும் எவ்வளவு என்று சோதித்த பிறகே இறங்க வேண்டும். வெயில் படும் மேற்குச் சுவருக்கு எட்டு அங்குல ஏஏசி கல்லோ (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்), செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டோ பொருந்தும். எலிப்பொறிக் கட்டில் நாலில் ஒரு பங்குச் செங்கல் மிச்சமாகும் என்பது இன்னொரு நன்மை. ஆனால் அதில் மின்குழாய்க்காகச் சுவரை வெட்டக் கூடாது. எந்த இடத்தில் எந்தக் குழாய் என்பதை எழுப்பும்போதே முடிவு செய்ய வேண்டும்.

பூச்சு விஷயத்தில் எனக்கு ஓர் ஆசை உண்டு, அதை மறைக்கவில்லை. கானாடுகாத்தான் வீடுகளின் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்; பளிங்கைப் போன்ற அந்தக் குளிர்ச்சி. சுண்ணாம்பைப் பல நாள் நீரில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலந்து, அடுக்கு மேல் அடுக்காகப் பூசி, கடைசி மெல்லிய பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகுகிறது, ஈரத்தை வாங்கி வெளியே விடுகிறது; மழைக்காலத்துப் புழுக்கத்தில் அந்தச் சுவர் வியர்ப்பதில்லை. இந்தப் பூச்சை அறிந்த கைகள் குறைந்துவிட்டதால் வீடு முழுவதும் செய்வது செலவாகும். கூடத்துக்கும் ஒரு படுக்கையறைக்கும் மட்டும் செய்து, மற்ற அறைகளுக்குச் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சு போதும் என்பேன். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து மூச்சை அடைத்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: சன்னலும் சன்ஷேடும்

நம் பக்கம் வெக்கையும் ஈரமும் சேர்ந்த தட்பவெப்பம் என்பதால், திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது மேலே சொன்ன விதித்தொகுப்பு. வீடு முழுவதற்குமான அந்தக் கணக்கை நான் ஒவ்வொரு அறைக்கும் பார்க்கிறேன். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு தேவை. "திறக்கக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்கடிக்கு நான்கடி தள்ளுகதவுச் சன்னலில் 16 சதுர அடி கண்ணாடி இருந்தாலும், ஒரு பாதி எப்போதும் மறுபாதியை மறைப்பதால் 8 சதுர அடிதான் காற்று நுழையும். பழைய முறையில் வெளியே திறக்கும் மரக்கதவுச் சன்னல் முழுப் 16 அடியையும் தரும். வெயிலை உள்ளே விடும் தள்ளுகதவுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சன்ஷேட் அளவைத் திசைக்குத் திசை மாற்றுங்கள். நான்கடி உயரத் தெற்குச் சன்னலுக்கு டிசம்பர் நண்பகல் வெயிலையும் முழுவதாகத் தடுக்க வேண்டுமானால் 2 அடி 8 அங்குல நீட்டம் வேண்டும். இரண்டடி வைத்தால் கீழே ஓரடி மட்டும் மார்கழி வெயில் படும், அதனால் கெடுதலில்லை. வடக்கே ஜூன் நண்பகலுக்கு ஓரடி போதும், ஆனால் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வரும் வெயிலுக்குச் சன்னலின் இருபுறமும் நிமிர்ந்த பலகை ஒன்று தேவை. மேற்கில் சன்ஷேட் ஏறக்குறைய வீண். பங்குனி மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் சுமார் 35 பாகை உயரத்தில் இருக்கும்போது, இரண்டடி சன்ஷேடின் நிழல் சன்னலில் ஏறக்குறைய ஒன்றரை அடிதான் இறங்கும், மிச்சமெல்லாம் வெயில். அங்கே தாழ்வாரம், துளைச்செங்கல் மறைப்பு, தட்டி, கொடிப்பந்தல் இவற்றில் ஒன்றுதான் உதவும்.

ஏழாம் படி: காற்றும் மின்விசிறியும்

உடல்சுகத்தைக் காற்றின் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றியுள்ள சுவரும் கூரையும் வீசும் சூடு, காற்றின் ஈரம், அதன் வேகம், நாம் உடுத்தும் துணி, செய்யும் வேலை என எல்லாம் சேர்ந்ததே சுகம். கூரை சுடாத அறையில் விசிறிக் காற்றோடு 30 பாகையிலும் நிம்மதியாகத் தூங்கலாம்; கூரை கொதிக்கும் அறையில் 27 பாகையும் புழுங்கும். பருத்தியும் பாயும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கம் திறப்பு வேண்டும். இரண்டாவது பக்கம் வெளிச்சுவராக இல்லாவிட்டால் வளவுப் பக்கம் கதவின் மேல் காற்றுச்சன்னல் வையுங்கள். உட்கூரையை ஒட்டி உயரத்தில் ஒரு திறப்பு இருந்தால் தேங்கும் சூடு வெளியேறும். கூரையின் உயரம் பத்தரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். சாதாரண மின்விசிறி 75 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கிறது, பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டார் பொருத்திய விசிறி அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. ஐந்து விசிறி உள்ள வீட்டில் இந்த ஒரு மாற்றமே இரண்டு மாத மின்கணக்கில் தெரியும்.

எட்டாம் படி: தரை

ஆத்தங்குடிக்குப் போனால் தரை ஓடு செய்வதை அருகிலிருந்து பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவத் தடுப்புக்குள் வண்ணச் சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, தடுப்பை மெல்ல மேலே எடுக்கிறார்கள். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, ஈரக்கலவையை இட்டு அழுத்தி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். பிறகு கண்ணாடியைப் பிரித்தால் மெருகு கண்ணாடியிலிருந்தே வந்திருக்கிறது. சூளையும் எரிபொருளும் இல்லை. நம் ஊர் மணலும் நம் ஊர்க் கைகளுமே மூலதனம். சிமெண்ட் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் தூரத்து ஆலையில் சுட்டு லாரியில் வரும் ஓட்டைவிட இதையே எடுப்பேன். மண்ணை ஒட்டிய தரைத்தளத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது கிடைக்கும் குளிர்ச்சி இதன் தனிச்சிறப்பு. அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்துக்குப் புதுத் தேக்கு தேடுவதற்கு முன் பழையதைத் தேடுங்கள். பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் நிலையும் கதவும் தூணும் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவது புது மரம் வெட்டுவதைவிட மேல். அதைவிட மேலானது, உங்கள் பங்கில் ஒரு பழைய வீடு நிற்குமானால் அதைப் பழுதுபார்த்து வாழ்வது. ஏற்கெனவே சுட்ட செங்கல்லையும் நீற்றிய சுண்ணாம்பையும் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வெல்ல முடியாது. அந்த வீடுகள் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வரவழைத்துக் கட்டியவை என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றிடமிருந்து கற்க வேண்டியது நிழலையும் காற்றோட்டத்தையும். தூரத்திலிருந்து பொருள் தருவிக்கும் ஆடம்பரத்தைக் கற்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: தண்ணீர்

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போகச் சுமார் 67,000 லிட்டர் கைக்கு வரும். முதல் மழையைக் கழித்துவிட்டு, அடுத்த நீரை வடிகட்டித் தொட்டிக்கு விட்டு, நிறைந்து வழிவதைப் பழைய கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து வளவு நீரும் தெருநீரும் ஊருணிக்குப் போய்ச் சேர்ந்தன. உங்கள் தெருவில் வரத்துக்கால் இன்னும் உயிரோடு இருந்தால் வாசல் சாய்வுதளத்தால் அதை அடைத்துவிடாதீர்கள். குளியல் நீரை மேற்குச் சுவர் ஓரத்து வாழைக்கு விட்டால் நிழலும் கிடைக்கும், பழமும் கிடைக்கும்.

பத்தாம் படி: ஏசியும் சூரியத் தகடும்

முதியவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் ஏசியே கூடாது என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. ஓர் அறையை அதற்கென்று தேர்ந்தெடுத்து, கதவு, சன்னல் இடுக்குகளை நன்றாக அடைக்கக்கூடியதாகச் செய்யுங்கள். வளவுப் பக்கக் காற்றுச்சன்னலுக்கும் மூடி வேண்டும். கூரைக்கு வெப்பத்தடுப்பு இருந்தால் 120 சதுர அடிக்கு ஒரு டன் ஏராளம். 26 பாகையில் வைத்து, விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்திச் செயல்திறன் பணியகம் சொல்கிறது.

கூரையில் சூரியத் தகடு வைப்பதற்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும்; நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். இதைப் பத்தாம் படியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே சொன்னவற்றைச் செய்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதுமானதாக இருக்கலாம். செய்யாத வீட்டுக்கு 5 கிலோவாட் போட்டாலும் இரவு பத்து மணிச் சூடு அப்படியே இருக்கும். தாங்குசட்டத்துக்கான அடித்தூண்களைக் கூரைக் கான்கிரீட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டால், பிறகு நீர்த்தடுப்புப் பூச்சைத் துளைக்க வேண்டியிராது.

பதினோராம் படி: முதல் சித்திரை

குடியேறியதும் ஒரு சாதாரண அறை வெப்பமானியும் குறிப்பேடும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு வெயில் பக்கத்துச் சன்னல்களைச் சாத்தி, இரவு ஏழு மணிக்கு மேல் எல்லாவற்றையும் திறந்து, விடியும்வரை காற்றை ஓடவிடுங்கள். காலை ஆறு, மதியம் மூன்று, இரவு பத்து என மூன்று வேளையும் ஒவ்வோர் அறையின் வெப்பத்தையும் வெளித்திண்ணையின் வெப்பத்தையும் எழுதி வையுங்கள். மதியம் மூன்று மணிக்கு அறை திண்ணையைவிடச் சூடாக இருந்தால் வெயில் எங்கோ நேராக உள்ளே வருகிறது; சன்னலைத் தேடுங்கள். இரவு பத்து மணிக்குச் சூடாக இருந்தால் கூரையையும் மேற்குச் சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதற்கு நிழலோ வெள்ளைப் பூச்சோ வேண்டும். இரண்டும் சுடாமல் அறை மட்டும் புழுங்கினால் காற்று வெளியேற வழியில்லை என்று பொருள். கொத்தனாரை அழைக்கும்போது அந்தக் குறிப்பேட்டை முன்னால் வைத்துப் பேசுங்கள். ஏசி வாங்கும் முடிவை இந்தத் திருத்தங்கள் முடியும்வரை, அதாவது அடுத்த பங்குனி வரை, தள்ளிவையுங்கள்.